கண்டல்துறை ஐந்தாம் வகுப்பு வாய் திறவாமை பற்றியது

அனுப்புநர்:
மு. லாபிர்,
பாதைத் தண்டயல்,
துறையடி, கண்டல்துறை,
கிண்ணியா.

பெறுநர்:
வித்தியாதிகாரி அவர்கள்,
கல்விக் கந்தோர்,
திருகோணமலை.

விடயம்: 09.04.1962 அன்று நான் அனுப்பிய புகார் மனுவின்மேல் நானே செய்யும் புகாரும், கண்டல்துறை அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலை ஐந்தாம் வகுப்பு ஆசிரியை செல்வி வள்ளிநாயகி கனகரத்தினம் அவர்களின் இடமாற்றத்தை நிறுத்தும்படியான வேண்டுகோளும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

இம்முறை நான் கோபத்தில் எழுதவில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதிய மனு தங்கள் மனுக் கோவையில் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல்தான் இந்த மனு.

1. எங்கள் ஊரையும் அக்கரையையும் இணைக்கும் பாதையை, அதாவது ஆட்கள், ஆடு மாடு, சைக்கிள், சில நாளில் ஒரு லொறி என எல்லாவற்றையும் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்க்கும் மிதவையை, பதினாறு வருடமாகச் செலுத்தி வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். மனு எழுதுவதில் ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. துறையடிக்கு விளக்கு வேண்டி எழுதியவன் நான்தான். ஊர் அதிகாரியான விதானையாரின் எருமை பற்றி நான் எழுதிய மனு அரசாங்க அதிபரின் கச்சேரி வரை போய்த் திரும்பி வந்தது. இது எனது பதினோராவது மனு.

2. பத்தாவது மனுவில் நான் எழுதியவை வருமாறு: (அ) புதிதாக வந்த ஆசிரியை கையில் பிரம்பே எடுப்பதில்லை. (ஆ) பத்து வயதுப் பிள்ளைகளை ‘நீங்கள்’ என்று அழைக்கிறார். (இ) பிழை செய்த பிள்ளைக்குப் பக்கத்தில் தானே குந்திக்கொண்டு அதன் காதில் ஏதோ இரகசியம் பேசுகிறார். (ஈ) இப்படியே போனால் ஊரில் பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசமே அற்றுப்போகும். இந்த நான்கில் முதல் மூன்றும் உண்மை. நான்காவது நான் இட்டுக்கட்டியது.

3. கோபத்தின் உண்மையான காரணத்தை அம்மனுவில் நான் எழுதவில்லை. வெட்கத்தை விட்டு இப்போது எழுதுகிறேன். ஒரு நாள் மீன் குழம்பில் உப்புக் குறைந்துவிட்டதென்று நான் வீட்டில் சத்தம் போட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் ஜெஸீமா, “வாப்பா, மெதுவாச் சொல்லுங்க. உம்மாக்குக் காது கேக்கும்” என்றாள். குசினிக்குள்ளிருந்து என் மனைவி ஸுல்பிகா சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இதை யார் படித்துக்கொடுத்தது என்று கேட்டேன். “எங்கட டீச்சர் இப்பிடித்தான் கதைப்பா” என்றாள். சோற்றைப் பாதியில் விட்டுப் பேனையை எடுத்தேன். “சோத்தத் தின்னுட்டு எழுதுங்க, கந்தோர் எங்கயும் ஓடிப் போகாது” என்று ஸுல்பிகா சொன்னதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இம்மனுவுக்குத் தேவையே வந்திராது.

4. இதே மகள் சென்ற வருடம் நான்கு மாதம் பாடசாலைக்குப் போகவில்லை என்பதையும் நான் மறைத்துவிட்டேன். கையை உயர்த்தாமல் விடை சொன்னாள் என்பதற்காக, அப்போதிருந்த ஆசிரியர் ஒருவர் கோடு போடும் அடிமட்டத்தின் விளிம்பால் அவளுடைய விரல் மொளி மூட்டில் அடித்தார். அதன்பின் ஒவ்வொரு நாள் காலையும் அவளுக்கு வயிற்றுவலி. பாடசாலை மணி அடித்து ஓய்ந்ததும் வலி நின்றுவிடும். பரிசாரியிடம் இரண்டு தரம் கொண்டுபோனேன். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “புள்ளைக்கு ஒண்டுமில்ல தம்பி, பள்ளிக்கூடத்துக்குத்தான் ஏதோ வருத்தம்” என்றார். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது செல்வி வள்ளிநாயகி ஐந்தாம் வகுப்பைப் பொறுப்பேற்றார். இரண்டு கிழமையில் என் மகள் மணி அடிக்கும் முன்பே வேலிப் படலையடியில் புத்தகத்துடன் நிற்கத் தொடங்கினாள். அது ஏன் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. புகார் எழுத மட்டும் நேரம் கிடைத்தது.

5. இனி வெள்ளைத் துணி விடயம். இப்பந்தியை ஐயா கவனமாக வாசிக்க வேண்டுகிறேன்; வழக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது. எங்கள் துறையின் நடுவில் ஓரிடத்தில் நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். அவ்விடத்தில் ஆட்கள் நினைத்தபடி இடம் மாறினால் பாதை சரியும். முன்பெல்லாம் நான் கத்துவேன். நான் கத்த ஆட்கள் கத்துவார்கள். ஆட்கள் கத்த ஆடுகள் கத்தும். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே பல வருடங்களுக்கு முன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தோளிலிருக்கும் வெள்ளைத் துவாயை நான் உயர்த்திப் பிடித்தால் எல்லாரும் வாயை மூட வேண்டும். பிடித்திருக்கும் நானும் உரத்துப் பேசக் கூடாது. நகர வேண்டியவர் யாரோ, அவருக்குப் பக்கத்தில் போய், “காக்கா, ரெண்டு எட்டு இங்கால வாங்க” என்று அண்ணனிடம் சொல்வதுபோல் காதோடு சொல்வேன். துணியை மடித்து மறுபடி தோளில் போட்ட பிறகுதான் கதை. விதானையாரும் மூடுவார், ஆட்டு வியாபாரியும் மூடுவார். இதுவரை எவருக்கும் ரோசம் வந்ததில்லை. எவரையும் எல்லார் முன்னிலும் ஏசுவதில்லை என்பதே காரணம். இன்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இவ்வழக்கம் தெரியும்.

6. பத்தாவது மனுவுக்குப் பதில் வரத் தாமதித்ததால், மே மாதம் ஒரு நாள் நேரிலேயே கேட்டுவிடுவதென்று பாடசாலைக்குப் போனேன். வகுப்பறைக்கு அரைச்சுவர்தான். வெளியில் நின்றபடியே, “டீச்சர், நீங்க என்ட புள்ளைக்கு என்னத்தப் படிச்சுக் குடுக்கிறீங்க?” என்று தொடங்கினேன். இன்னும் ஏழெட்டு வசனம் கயிறு இழுக்கும்போதே அடுக்கி வைத்திருந்தேன். ஆசிரியை மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உயர்த்தினார். ஐயா, என் வாய் தானாக மூடிக்கொண்டது! பதினாறு வருடப் பழக்கம், என்ன செய்வது? நாற்பத்தொரு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என் மகளும் சிரிக்கவில்லை. அதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளுடைய கன்னத்தைப் பார்த்த எனக்குத் தெரியும். ஆசிரியை அரைச்சுவர் அருகே வந்து தணிந்த குரலில், “லாபிர் காக்கா, உள்ளுக்கு வந்து இருங்கோ. பாடம் முடியக் கதைப்பம்” என்றார். உள்ளே போய்ப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் இருந்தேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, “இது உங்களிட்டப் படிச்சதுதானே. நான் ஒவ்வொரு கிழமையும் உங்கட பாதையிலதான் வீட்டுக்குப் போய் வாறனான்” என்றார். எனக்கு எதிராக நானே புகார் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

7. அன்று அரை மணித்தியாலம் அவ்வகுப்பில் இருந்தேன். கலீலுர் றஹ்மான் என்றொரு பையன் இருக்கிறான். ஊரிலுள்ள எல்லா மாமரங்களுக்கும் அவனைத் தெரியும். அவன் முன் வாங்கிலிருந்த பிள்ளையின் பின்னலை வாங்கோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அவள் எழும்பப் போய், “உம்மோ!” என்று அலறினாள். வகுப்புக் கலகலத்தது. துணி உயர்ந்தது, சத்தம் நின்றது. ஆசிரியை அவன் பக்கத்தில் குந்தி, “என்ன நடந்தது? இதை நீங்கள் எப்பிடிச் சரியாக்கப் போறீங்கள்?” என்று கேட்டார். பக்கத்து வாங்கில் இருந்ததால் எனக்குக் கேட்டது. அவன் நெடுநேரம் யோசித்தான். பின்னலைத் தானே அவிழ்த்தான். பிறகு காற்றோட்டமான தன் இடத்தை அன்றைக்கு அவளுக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய இடத்தில் போய் இருந்தான். பிரம்பு விழுந்திருந்தால் பின்னேரம் பாதையில் வந்து தழும்பைக் காட்டிப் பெருமை அடித்திருப்பான். அன்று வந்தான், ஆனால் தழும்பும் இல்லை, பெருமையும் இல்லை. இன்னொன்றும் என் மகள் சொல்லி அறிந்தேன்: ஒரு நாள் ஆசிரியை தாமே பொறுமையிழந்து கத்திவிட்டாராம். ஜெஸீமா எழும்பிப் போய் மேசையிலிருந்த துணியை எடுத்து உயர்த்தினாளாம். அவர் வாயை மூடி, பிறகு பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டாராம். நான் அறிந்த அதிகாரமுள்ளவர்களில் எவரும் இப்படிச் செய்ததில்லை. தங்களைச் சொல்லவில்லை, ஐயா.

8. அன்றே எழுதி என் மனுவை மீளப் பெற்றிருக்க வேண்டும். எழுதிய மனுவைத் திருப்பிக் கேட்காதவன் என்ற வீண் பெருமை குறுக்கே நின்றது. மேலும், என் மனு தங்கள் கந்தோரில் தூங்கிவிட்டதென்று நம்பினேன். பொதுவாக என் மனுக்கள் தூங்கும். இது மட்டும் விழித்துக்கொண்டது.

9. கடந்த ஜூலை 3ஆம் திகதி, பாடசாலையைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி ஐயா அவர்கள் என் பாதையில் ஏறினார். நல்ல மனிதர், ஏறும்போது ஒரு கிழவருக்கு இடம் விட்டார். கச்சான் காற்று அனலாக வீசிய நாள் அது. கோட்டுப் போட்டிருந்தபடியால் அவருக்கு வியர்த்து வழிந்தது. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பின் பையில் வைக்காமல், முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து விசிறிக்கொண்டார். பாதையில் உடனே அமைதி, நான்கு ஆடுகளைத் தவிர. அதிகாரிக்கு எங்கள் ஊரார் காட்டும் மரியாதை என்று எண்ணி நான் மகிழ்ந்தேன். அவரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்; முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அவ்விடத்திலாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

10. வகுப்பில் நடந்ததைப் பதினேழு பிள்ளைகளிடம், காரணம் சொல்லாமல், தனித்தனியே விசாரித்து எழுதுகிறேன். வித்தியாதரிசி ஐயா ஆசிரியையைத் தலைமையாசிரியரின் அறையில் இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தனியே சோதித்தார். அது முறைதான். வலது கையில் கைக்குட்டை. உயர்த்திப் பிடித்தபடி விசிறலும் துடைத்தலும். முதலாம் கேள்வி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துணி மேலே இருக்கிறதே! இரண்டாம் கேள்வி கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துணியைப் பிடித்துக்கொண்டே ஒருவர் உரத்துப் பேசுவதை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. அப்போது அவர்கள் தமக்குள்ளே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இதுதான் பரீட்சை. கேள்வி கேட்டு ஆசை காட்டினாலும் வாயை மூடியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் பெரிய ஐயா பட்டணத்திலிருந்து வந்திருக்கிறார். ஏழு கேள்விக்கும் நாற்பத்தொரு பேரும் அசையவில்லை. கலீலுர் றஹ்மானுக்கு முதலாம் கேள்விக்கு விடை தெரியும். அது வெளியே பாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தானாம். கடைசியில் வித்தியாதரிசி ஐயா, “உங்களுக்கு வாய் இல்லையா?” என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. கைக்குட்டையுடனேயே வெளியே போய்விட்டார்.

11. அன்று பின்னேரம் என் மகள் துறையடிக்கு ஓடி வந்தாள். “வாப்பா! ஏழு தரம் கேட்டார், நாங்க வாயே திறக்கல்ல. எல்லாரும் பாஸ்!” என்று குதித்தாள். விபரம் கேட்காமல் நானும் மகிழ்ந்து அவளுக்கு ஒரு பனங்கட்டித் துண்டு கொடுத்தேன். நேற்று முன்தினம் தங்கள் கந்தோர்க் கடிதம் வந்தது. தலைமையாசிரியர் ஜனாப் தாஹிர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார், ஏனென்றால் அதன் முதல் வரியிலேயே என் மனு குறிப்பிடப்பட்டிருந்தது. வகுப்பில் ஒழுங்கில்லை என்றும், மாணவர் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுத்தனர் என்றும், ஒரு மாணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான் என்றும், ஆசிரியை வருகிற 23ஆம் திகதி திங்கட்கிழமை குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கடமையேற்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. வாசித்து முடியும் முன்பே அந்தக் கைக்குட்டை என் கண்முன் வந்து நின்றது. ஐயோ, இது என் துவாய் அல்லவா என்று அங்கேயே தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

12. உடனே ஆசிரியையிடம் போய், நடந்ததை விளக்கித் தங்களுக்கு எழுதும்படி கெஞ்சினேன். அவர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு எழுத மறுத்துவிட்டார். “நான் எழுதினால் திரும்பவும் ஒருவர் வந்து பிள்ளையளை விசாரிப்பார். தாங்கள் ஏதோ பிழை விட்டிட்டம் எண்டு அதுகள் நினைச்சிடுங்கள். அதுகள் ஒரு பிழையும் செய்யேல்ல, காக்கா. சொல்லிப் போடாதேங்கோ” என்றார். ஐயா, தனக்கு வந்த இடமாற்றத்தைவிடத் தன் வகுப்பின் மனம் நோகக் கூடாது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. நான் பாதைக்குத் திரும்பி வந்து சற்று நேரம் கயிற்றைப் பிடிக்காமல் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. இதை மனுவில் எழுதலாமோ தெரியாது, எழுதிவிட்டேன்.

13. ஆகவே உண்மையில் குற்றவாளிகளைப் பின்வருமாறு சமர்ப்பிக்கிறேன். முதலாவது, மீன் குழம்புக்காக மனு எழுதிய நான். இரண்டாவது, வெள்ளைத் துணி வழக்கத்தைத் தொடங்கிய நான். மூன்றாவது, மேயிலேயே உண்மை தெரிந்தும் வாய் திறக்காத நான். வித்தியாதரிசி ஐயாவின்மேல் எள்ளளவும் குற்றமில்லை. வியர்த்தால் துடைக்கத்தான் வேண்டும். பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பொறுத்தவரை, மேலதிகாரி ஒருவர் ஏழு தரம் வற்புறுத்தியும், ஆசிரியை இல்லாத இடத்தில், பிரம்பில்லாமல், கொடுத்த வாக்கை மீறாத வகுப்பு இம்மாவட்டத்தில் வேறு எங்கேனும் உண்டா என்று விசாரித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

14. எனவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,
(அ) 09.04.1962ஆம் திகதிய என் மனுவைக் கோவையிலிருந்து எடுத்துத் தள்ளிவிடவும்;
(ஆ) செல்வி வள்ளிநாயகி அவர்களின் இடமாற்றத்தைத் திங்கட்கிழமைக்கு முன் நிறுத்தி வைக்கவும்;
(இ) வித்தியாதரிசி ஐயாவை மீண்டும் ஒருமுறை அனுப்பி வைக்கவும். இத்துடன் என் மனைவி ஸுல்பிகா தைத்த நீல நிறக் கைக்குட்டை ஒன்றை அனுப்புகிறேன். இதனை இலஞ்சமாகக் கருதாமல், கந்தோர்ச் சொத்தாகப் பதிந்து, எங்கள் ஊருக்கு வரும் அதிகாரிகளுக்கு மட்டும் இரவலாகக் கொடுத்து வாங்கலாம்.

15. தபாலில் இட்டால் திங்கட்கிழமை தாண்டிவிடும் என்பதால் இம்மனுவை நானே கொண்டுவந்து தங்கள் கந்தோரில் ஒப்படைக்கிறேன். பதில் கிடைக்கும்வரை வாசலில் இருப்பேன், சத்தம் போடமாட்டேன். திங்கட்கிழமை காலையில் அவ்வாசிரியை தன் பெட்டியுடன் துறைக்கு வந்தால், அவரை அக்கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டியவன் நான்தான். பதினாறு வருடத்தில் எவரையும் ஏற்றமாட்டேன் என்று நான் சொன்னதில்லை. அந்த ஒரு பயணத்தை மட்டும் எனக்குத் தந்துவிட வேண்டாம் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு இடமாற்றம் பற்றி எதுவும் தெரியாது. பெரிய ஐயா நடத்திய பரீட்சையின் எழுத்துப் பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது என்று மட்டும் சொல்லி, தலைமையாசிரியரின் அனுமதியுடன், அன்று கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை எழுதி வாங்கினேன். நாற்பத்தொரு பேரும் கூடித் தீர்மானித்து, என் மகள் எழுதியது. நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, இனிமேல் சோறு தின்ற பின்பே மனு எழுதுவதாக உறுதியளித்து,

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
(ஒப்பம்) மு. லாபிர்

இடம்: கண்டல்துறை
திகதி: 19.07.1962

இணைப்பு 1: நீல நிறக் கைக்குட்டை ஒன்று.

இணைப்பு 2: ஐந்தாம் வகுப்பு விடைத்தாள்.

1. இலங்கையில் மிக நீளமான ஆறு மகாவலி கங்கை. அது எங்கள் குடாவில்தான் வந்து விழுகிறது. (இது கலீலுர் றஹ்மானுக்கு அன்றே தெரியும்.)
2. ஏழு எட்டு ஐம்பத்தாறு.
3. ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். இருபத்து நான்கை ஏழால் பெருக்கினோம்.
4. சூரியன் கிழக்கில் உதிக்கும். எங்களுக்குக் கடல் பக்கம்.
5. திருகோணமலைத் துறைமுகம் இயற்கைத் துறைமுகம். அதை ஒருவரும் வெட்டவில்லை.
6. பசு பாலும் எருவும் தரும். ஜெஸீமா வீட்டுப் பசு இப்போது தருவதில்லை.
7. பாடசாலைக்கு வருவது படிக்கவும், மற்றவர் கதைக்கும்போது கேட்கவும்.
8. நீங்கள் கடைசியாகக் கேட்டது, உங்களுக்கு வாய் இல்லையா என்று. இருக்கிறது ஐயா. நீங்கள் துணியை இன்னும் மடிக்கவில்லை.